எண்பத்தொன்பது நாள்

உத்தரவில் எண்பத்தொன்பது நாள்.
தொண்ணூறு ஆனால் ஏதோ உரிமை வந்துவிடுமாம்;
சொல்லிக்கொண்டே முத்திரை குத்தினார் கிளார்க்.

வேய்ந்தான்குளத்தில் பஸ் ஏறுவோம்,
பெயரில் குளம், காலடியில் தார்.
ஜெபசிங் வீடு கொக்கிரகுளம்,
அங்கே கலெக்டர் ஆபீஸ்.
மேலப்பாளையம் ரஹீமாதான் கேட்டாள்,
"குளம்னு பேரு வச்சா குளத்துக்கு ஆகாதோ?"
மூலைக்கரைப்பட்டி தாண்டி இறங்கி
நடந்தால் கருங்கண்ணிக்குளம்.

முதல் வாரம் முழுக்கச் சீமைக்கருவேல்.
விரல் உயரக் கன்றுக்கு முழ நீள வேர்.
கையுறை வரும் என்றார்கள்.
மார்கழியில் வந்தது,
மூன்றும் இடது கை.

அப்புறம் எண்ணிக்கை.
"ஐநூறுன்னு போடு மக்கா,
பறவ வந்து கணக்கா கேக்கப் போவுது"
என்பான் ஜெபசிங்.
ரஹீமா பத்துப் பத்தாய்க் கண்ணால் கட்டி
கரையோரமாய் நகர்த்துவாள்.
நாமக்கோழி நானூற்றுப் பன்னிரண்டு.
பட்டைத்தலை வாத்து முப்பத்தொன்று,
இமயத்தைத் தாண்டி வந்தவை
எங்களைக் கண்டு பத்தடி தள்ளிப் போனதோடு சரி.
முக்குளிப்பான் மட்டும் அடங்காது:
எண்ணும்போது முங்கும்,
எழுதும்போது எழும்.

என் வேலை அளவுகல்.
காலை எட்டு மணிக்கு மடையோரம்
இடுப்பளவு தண்ணீரில் நின்று
பாசியைத் துடைத்துப் படிக்க வேண்டும்.
ஏழடி. ஏழடி. ஏழடி ஓரங்குலம்.
பதிவேட்டில் ஏற்றும்போது
எனக்கே கொஞ்சம் ஆபீசர் முகம் வந்துவிடும்.

அறுபத்தோராம் நாள் ஆறே முக்கால்.
பிசானப் பயிருக்கு முறைநாள் இன்னும் வரவில்லை.
மடைப்பலகையில் புதுக் கீறல்.
மீன் குத்தகை செல்லப்பாண்டி
டீயும் வடையுமாய் வந்து நின்றார்.
"வெயில் குடிச்சிருக்கும்னு எழுது தாயி."
மார்கழி வெயில்.
பெண்டாட்டி செயினை அடகு வைத்து எடுத்த ஏலம்,
தண்ணீர் வடிந்தால்தான் வலை தரை தொடும்.
எல்லாம் சொன்னார். எதுவும் பொய்யில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
'தெரியவில்லை' என்று எழுதினேன்.
வடை ஆறிப்போயிருந்தது. தின்றேன்.

ரஹீமா இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் பேனாவை வாங்கி
என் சொல்லின் மேல் ஒரு கோடு,
அடித்தது தான்தான் என்று சின்னக் கையெழுத்து,
பக்கத்தில்: 'இரவில் மடை திறப்பு'.

மாதக் கடைசியில் பச்சை மையில்
'பார்த்தேன்' என்று எழுதிப் போனார் அதிகாரி.
பார்த்தார்.

கடைமடை மாசானம்தான்
எங்கேயோ கேள்விப்பட்டு வந்து
ஈரக் கையைக் கைலியில் துடைத்து
அந்தப் பக்கத்தைப் போனில் பிடித்துக்கொண்டு போனான்.
சனிக்கிழமை மடையில் பூட்டு தொங்கியது.
செல்லப்பாண்டி அதன்பின் எங்களைக் கடக்கும்போது
தன் செருப்பையே பார்த்து நடந்தார்.
ஜெயித்த மாதிரி இல்லை எனக்கு.

எண்பத்தொன்பதாம் நாள்
பைனாகுலர் ஒன்று, டேப் ஒன்று,
இடது கையுறை மூன்று
ஒப்படைத்துக் கையெழுத்து.
நாட்டுக்கருவேல் உச்சியில்
நத்தைக்குத்தி நாரைக் குஞ்சுகள்
பாதி இறகோடு கத்திக்கொண்டிருந்தன.
பதிவேட்டில் நாற்பது தாள் வெள்ளை.
ரஹீமா நாளைய தேதியை மட்டும் எழுதி மூடினாள்.

மறுநாள் நான் டவுனில்,
போட்டித் தேர்வு வகுப்பின் கடைசி பெஞ்சில்,
முன்னால் இருந்த தலைகளைப்
பத்துப் பத்தாய்க் கட்டிக்கொண்டிருந்தேன்.
எட்டேகாலுக்குப் போன் அதிர்ந்தது.

"ஆவுடைச்செல்வி அக்காவா? மாசானம்.
ஆறே காலு இருக்கு.
பாசியத் தொடச்சிட்டுத்தான் பாத்தேன்.
இனிமே இத யாருகிட்டச் சொல்லணும்?"